இரண்டாவது மைக்

எங்கள் குடியிருப்பில் தொண்ணூறு வீடுகளுக்கு மேல் இருக்கின்றன. அவற்றில் மேனுவல் படிக்கிற பழக்கம் உள்ளவள் நான் ஒருத்திதான். மற்றவர்கள் ஒரு சாமான் வாங்கினால், பெட்டியைப் பிரித்ததும் அந்தப் புத்தகத்தைப் பழைய பேப்பரோடு போட்டுவிட்டு, கண்ணில் படுகிற பட்டனையெல்லாம் அமுக்குவார்கள். ஓடவில்லை என்றால் "டுபாக்கூர் பீஸ், தலையில கட்டிட்டான்" என்று கடைக்காரனைத் திட்டுவார்கள். வைப்பர் போடுவது எப்படி என்று மழை நாளில் வாட்ச்மேனைக் கேட்கிற இன்ஜினியர்கள் எங்கள் மேடவாக்கத்தில் நிறைய.

அதனால்தான் அசோசியேஷன் வாங்கிய வயர்லெஸ் மைக் கடைசியில் என்னிடம் வந்து சேர்ந்தது. பேச முடியாதவளைக் கூப்பிட்டு மைக்கைச் சரிபண்ணச் சொன்ன கூட்டம் வேறெங்கும் இருக்காது.

பேச முடியாதவள் என்றால் ஊமை இல்லை. மூன்று வருஷத்துக்கு முன்னால் எனக்குத் தைராய்டு ஆபரேஷன் நடந்தது. கட்டி போயிற்று. கூடவே குரலும் போயிற்று. தொண்டைக்குள் ஒரு நரம்பு வேலை செய்யவில்லை என்றார்கள். இப்போது என்னிடமிருந்து வருவது சைக்கிள் ட்யூபில் காற்று இறங்குகிற சத்தம்தான். பக்கத்தில் உட்கார்ந்தால் கேட்கும். நாலடி தள்ளி நின்றால், சுற்றிலும் வேறு சத்தமே இல்லாவிட்டால்தான் கேட்கும். ஃபேன் ஓடினால் பக்கத்தில் உட்கார்ந்தாலும் கேட்காது.

இதை மனிதர்கள் எதிர்கொள்கிற அழகைப் பார்க்க வேண்டும். பாதிப் பேர் எனக்குக் காது கேட்காது என்று முடிவு செய்து, முகத்துக்கு நேராக வந்து கத்துகிறார்கள். மீதிப் பேர் நான் ஏதோ ரகசியம் சொல்வதாக நினைத்துத் தாங்களும் குசுகுசுக்கிறார்கள். கடையில் தக்காளி என்ன விலை என்று கேட்டால், கடைக்காரர் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு என் காதோரம் "நாப்பது" என்கிறார்.

அதற்கு முன் பதினெட்டு வருஷம் தாம்பரத்தில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்தேன். குரல் போனதும் நிர்வாகம் பெரிய மனசு பண்ணி என்னைப் பழைய விடைத்தாள்கள் அடுக்கி வைத்திருந்த அறைக்கு அனுப்பியது. எலிக்கும் எனக்கும் அங்கே வேலை சமம். ஒரு டெர்ம் பார்த்துவிட்டு ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். வீட்டு ஹாலில் டியூஷன் ஆரம்பித்தேன். எங்கள் வீடு தரைத்தளம். ஏரிக்கரை ஓரத்து ஒற்றை அறை லைன் வீடுகளிலிருந்து பத்தாவது படிக்கிற பிள்ளைகள் வருகிறார்கள். கிறிஸ்டினா, முகிலன் என்று ஒரு பத்துப் பதினைந்து பேர். நான் பலகையில் எழுதுவேன். எழுதி விளங்காததைச் சொல்லுவேன். என் சத்தம் கேட்க வேண்டும் என்பதற்காக, யாரும் சொல்லாமல், வந்ததும் அவர்களே ஃபேனை நிறுத்திவிடுவார்கள். மே மாதத்தில்கூட. முதுகெல்லாம் வியர்வை வழிய அப்படியே உட்கார்ந்து கணக்குப் போடுவார்கள். எனக்குக் குரல் போன பிறகு என் பேச்சு கேட்கிற இடம் இந்த உலகத்தில் அந்த ஹால் ஒன்றுதான்.

அதை மூடுவதற்குத்தான் தீர்மானம் கொண்டுவந்தார்கள்.

நோட்டீஸில் அப்படிப் போட மாட்டார்கள் இல்லையா. "குடியிருப்பு வளாகத்துக்குள் வணிக நடவடிக்கைகளுக்கும், அதன் பொருட்டு வெளியாட்கள் வருவதற்கும் தடை" என்று வாட்ஸப்பில் வந்தது. வணிகம் என்று பார்த்தால் ஏ பிளாக்கில் இட்லி மாவு விற்கிறார்கள். பி பிளாக்கில் மூன்று வீட்டில் பிளவுஸ் தைக்கிறார்கள். இரண்டாவது மாடியில் ஒருவர் ஜாதகம் பார்க்கிறார், வாசலில் செருப்பு வரிசை கட்டி நிற்கும். தலைவர் பொன்னுரங்கத்தின் மருமகள் ஆஷா நான்காவது மாடியில் பியூட்டி பார்லர் வைத்திருக்கிறாள். அதெல்லாம் வணிகம் இல்லையாம், சர்வீஸாம். லைன் வீட்டுப் பிள்ளைகள் தோளில் பையோடு கேட்டைத் தாண்டி வந்தால் மட்டும் வணிகம்.

பொன்னுரங்கத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். இந்த இடம் முன்பு அவர் குடும்பத்துக் கத்தரித் தோட்டம். பில்டரிடம் கொடுத்துவிட்டு, பதிலுக்கு ஒன்பது வீடு வாங்கிக்கொண்டார். எட்டை வாடகைக்கு விட்டு ஒன்றில் இருக்கிறார். அசோசியேஷன் ஆரம்பித்த நாளிலிருந்து அவர்தான் தலைவர். தேர்தல் என்று ஒன்று நடந்ததாக யாருக்கும் ஞாபகம் இல்லை. இயற்கையிலேயே பெரிய குரல். கேட் பக்கம் நின்று அவர் தண்ணி லாரிக்காரரைத் திட்டினால், மேல்மாடியில் குழந்தை விழித்துக்கொண்டு அழும். அப்படிப்பட்டவருக்கு மைக் எதற்கு என்று கேட்பவர்களுக்கு மைக்கைப் பற்றி ஒன்றும் தெரியாது. மைக் யார் கையில் இருக்கிறதோ அவர் பேசலாம், மற்றவர்கள் உட்கார்ந்து கேட்க வேண்டும். அவர் அதற்காகத்தான் மைக் வாங்கினார்.

எங்கள் அசோசியேஷனில் தீர்மானம் நிறைவேறுகிற விதமும் தனி. கை தூக்குவது, சீட்டில் எழுதிப் போடுவது எல்லாம் கிடையாது. தலைவர் படிப்பார். "எல்லாரும் ஒரு தபா ஜோரா கை தட்டுங்க" என்பார். தட்டுவார்கள். நிறைவேறிவிட்டது. நாயை லிஃப்டில் ஏற்றக் கூடாது என்ற தீர்மானத்தை, நாய் வளர்க்கிறவர்களும் சேர்ந்து தட்டித்தான் நிறைவேற்றினார்கள். போன வருஷம் ஒரு தீர்மானத்தின்போது சரியாக போண்டாத் தட்டு உள்ளே வந்தது. பாதிப் பேர் அதைப் பார்த்துத் தட்டினார்கள். அதுவும் கணக்கில் சேர்ந்தது. படித்தவர்கள், பட்டம் வாங்கியவர்கள், ஓ.எம்.ஆரில் கண்ணாடிக் கட்டடத்தில் உட்கார்ந்து அமெரிக்காக்காரனுக்கு யோசனை சொல்கிறவர்கள் எல்லாரும் தட்டினார்கள்.

என் கணவர் ஷ்யாம்சுந்தரும் அந்தக் கண்ணாடிக் கட்டடத்துக்காரர்தான். நல்லவர். இதை நான் பாராட்டாகச் சொல்லவில்லை. யாரோடும் சண்டை கிடையாது என்பதால் அவரை எல்லாருக்கும் பிடிக்கும். நோட்டீஸ் வந்த அன்று சோஃபாவில் சாய்ந்தபடி சொன்னார்.

"சுபா, டென்ஷன் ஆகாத. மீட்டிங்ல உனக்கு நான் ஃபுல் சப்போர்ட். ஆனா ரொம்ப ஃபைட் பண்ண வேணாம். ஒத்துவரலைன்னா வெளிய ஒரு ரூம் பாத்துக்கலாம்."

வெளியே எங்கே ரூம், அதற்கு வாடகையை அந்தப் பிள்ளைகளிடமா கேட்பது என்று நான் கேட்டேன். ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. அவர் தலையை ஆட்டி, "அதான், அதேதான் நானும் சொல்றேன்" என்றார்.

மைக் செட்டை ஆயுத பூஜைக்கு முந்தின நாள் வாங்கி வந்திருந்தார்கள். கையில் பிடிக்கிற மைக் இரண்டு, அவற்றின் சத்தத்தை வாங்குகிற ரிசீவர் ஒன்று. பொன்னுரங்கத்தின் மனைவி கிளியம்மாள் லிஃப்ட், ஜெனரேட்டர், போர் மோட்டார் என்று வரிசையாகப் பொட்டு வைத்துக்கொண்டு வந்தவர், மைக் செட்டுக்கும் குழைத்த சந்தனத்தை அப்பி, நடுவில் குங்குமம் வைத்துவிட்டார். அதன் பிறகு செயலாளர் ஹரிபிரசாத் பட்டன் எல்லாவற்றையும் அமுக்கிப் பார்த்தார். ஒரு சத்தமும் வரவில்லை. கூட்டத்துக்கு முந்தின நாள் சாயந்திரம் வீட்டுக்கு வந்து நின்றார். ஹரிபிரசாத் நெட்வொர்க்கிங் வேலையில் இருப்பவர்.

"மேடம், மே பி ஏதோ கம்பாட்டிபிலிட்டி இஷ்யூ. நீங்க ஒரு லுக் குடுங்களேன். நீங்கதான் மேனுவல்லாம் படிப்பீங்க."

அசோசியேஷன் ஆபீஸுக்குப் போனேன். பொன்னுரங்கமும் கிளியம்மாளும் இருந்தார்கள். மைக் இரண்டும் கடையில் போட்ட பிளாஸ்டிக் உறைக்குள்ளேயே இருந்தன, அடியில் ரப்பர் பேண்ட் சுற்றி. டி.வி. ரிமோட்டைப் பாதுகாப்பது போல. பூஜைக்குக் கழற்றி, பொட்டு வைத்து, மறுபடி உறை போட்டிருக்கிறார்கள். நான் உறையை உருவினேன்.

"இன்னாம்மா டீச்சர், புதுசுமா. கவரு இருந்துட்டுப் போட்டும். தூசி ஏறிடும்" என்றார் பொன்னுரங்கம்.

"வாயை மூடிக்கிட்டுப் பேச முடியுமா?" என்றேன். அவருக்குக் கேட்கவில்லை. ஹரிபிரசாத்துக்குக் கேட்டது. அவர் சுவரைப் பார்த்துக்கொண்டார்.

மேனுவல் பெட்டியின் அடியிலேயே இருந்தது, ஒரு விரல்கூடப் படாமல். விஷயம் எளிது. ரிசீவரில் ஒரு பட்டனை அமுக்க வேண்டும். மைக்கின் உடம்பில் கடுகளவு ஒரு கறுப்புக் கண் இருக்கிறது. அதை ரிசீவருக்கு நேராக ஒரு சாண் தூரத்தில் காட்ட வேண்டும். இரண்டும் ஒரே அலைவரிசைக்கு வந்ததும் விளக்கு நிலையாக எரியும். மைக்கைத் திருப்பிப் பார்த்தேன். இரண்டிலும் சரியாக அந்தக் கண்ணின்மேல்தான் சந்தனம். காய்ந்து ஓடு போல ஒட்டியிருந்தது. கம்பாட்டிபிலிட்டி இஷ்யூ.

காது குடையும் பஞ்சுக் குச்சியை நனைத்துத் துடைக்கப் போனேன். கிளியம்மாள் கையைப் பிடித்துவிட்டார்.

"ஐய, சாமிக்கு வெச்சதும்மா அது. தொடச்சா ஆவாது. வெச்சது வெச்சாப்பல கீட்டும்."

அந்தக் கண்ணை மட்டும் என்று சைகை காட்டி, அனுமதி வாங்கித் துடைத்தேன். ரிசீவரின் முகத்திலும் இரண்டு பெரிய பொட்டுகள் இருந்தன. இரண்டு மைக்குக்கும் சத்தம் கூட்டிக் குறைக்க இரண்டு திருகு உண்டு. எந்தத் திருகு எந்த மைக்குக்கு என்று காட்டுகிற ஒன்று, இரண்டு என்ற எண்களின் மேல் அந்தப் பொட்டுகள். அவற்றைத் தொடக்கூட கிளியம்மாள் விடவில்லை. எனக்குத் தெரிந்தால் போதும் என்று விட்டுவிட்டேன்.

இரண்டாவது மைக்கைத் திறந்தால் பேட்டரி இல்லை.

"அதுவா, டி.வி. ரிமோட்டுக்குப் போட்டுக்கினேன். சும்மாதானே கெடந்துச்சி" என்றார் தலைவர்.

முதல் மைக்கின் பேட்டரியைக் கழற்றி இரண்டாவதில் போட்டு, அதையும் ரிசீவரோடு சேர்த்துவைத்தேன். பிறகு என் உதட்டுக்கு இரண்டு விரல்கடை தூரத்தில் அதைப் பிடித்து, அதற்குரிய திருகை ஏறக்குறைய முழுக்க ஏற்றி, "ஒன்று" என்று மட்டும் சொன்னேன். ஆபீஸ் மூலையில் இருந்த ஸ்பீக்கர் பெட்டி "ஒன்று" என்றது. மூன்று பேரும் திரும்பிப் பார்த்தார்கள். மூன்று வருஷத்தில், என் டியூஷன் ஹாலுக்கு வெளியே, நான் சொன்ன ஒரு சொல் எதிர்ச் சுவர்வரை போனது அதுதான் முதல் தடவை. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சந்தனத் தூள் என்று நினைத்திருப்பார்கள்.

பேட்டரியை முதல் மைக்குக்கே திரும்பப் போட்டதும், பொன்னுரங்கம் அதைத் தன் கைக்கு எடுத்துக்கொண்டார். ரிசீவரை பீரோவில் வைத்துப் பூட்டிவிடலாமா, கூட்டம் நடக்கும்போதும் அது உள்ளேயே இருக்கலாமே, வயர்லெஸ்தானே என்று கேட்டார். இரும்பு பீரோவுக்குள் அலை போகாது என்று ஹரிபிரசாத்தின் காதில் சொல்லி, அவரைவிட்டுச் சொல்ல வைத்தேன். பிறகு நேராகவே கேட்டேன், பக்கத்தில் போய், முடிந்த அளவு அழுத்தி.

"நாளைக்கு எனக்கு ஒரு மைக் வேணும். என் டியூஷனைப் பத்தி நான் பேசணும்."

"உனுக்கு இன்னாத்துக்கும்மா மைக்கு? தொண்டைய வேற வருத்திக்கினு. இன்னா சொல்லணுமோ எங்காண்ட சொல்லு, நான் சொல்றேன். தலீவர்னு நான் எதுக்கு கீறேன்?" என்றார். பிறகு இரண்டாவது மைக்கை என்னிடம் நீட்டினார். "இத்த நீ எடுத்தும்போய் பேட்டரி வாங்கிப் போட்டு எடுத்தா. ஸ்பேரு."

பேட்டரிக் காசு மிச்சம் என்ற சந்தோஷத்தில் கொடுத்தார். நான் மஞ்சப்பையில் போட்டு எடுத்து வந்தேன்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலை, தரைத்தளக் கார் நிறுத்தத்தில் வண்டிகளை வெளியே எடுத்துவிட்டுக் கூட்டம். பிளாஸ்டிக் நாற்காலிகள், நின்றுகொண்டு சுழலும் பெரிய ஃபேன்கள், முன்னால் இரண்டு பக்கமும் ஸ்பீக்கர் பெட்டி, நடுவில் மேஜை. மேஜையில் ரிசீவரோடு ஹரிபிரசாத். நான் இடதுபக்க ஸ்பீக்கருக்குப் பின்னால், ஓரமாக ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். மைக்கைப் பிடித்துக்கொண்டு ஸ்பீக்கருக்கு முன்னால் போனால் அது ஊளையிடும். இதுவும் மேனுவலில் இருக்கிறது. ஷ்யாம் நாலாவது வரிசையில் நண்பர்களோடு உட்கார்ந்து எனக்குக் கட்டைவிரலைக் காட்டினார்.

பொன்னுரங்கம் எழுந்தார். மைக்கின் தலையை மூன்று தட்டுத் தட்டினார். பூ என்று ஊதினார். "ஹலோ, மைக் டெஸ்டிங்" என்றார். சத்தம் வருகிறது என்று தெரிந்த பிறகும் இன்னொரு தடவை ஊதினார். வலைத் தலையை முழுக்கக் கைக்குள் பொத்திப் பிடித்துக்கொண்டு, ஸ்பீக்கருக்கு முன்னாலேயே நடந்தார். அது ஊளையிட்டது. கூட்டம் மொத்தமும் திரும்பி என்னைப் பார்த்தது. அவர் தப்பாகப் பிடித்தாலும் நான் தப்பாகச் சரிபண்ணியிருக்கிறேன் என்று அர்த்தம்.

வந்திருந்தவர்களையெல்லாம் பெயர் பெயராக "அவர்களே" போட்டு அழைத்து முடிக்கவே காபி ஆறிவிட்டது. பிறகு லிஃப்ட் பராமரிப்பு. கைதட்டல். தண்ணி லாரிக் கட்டணம். கைதட்டல். மூன்றாவதாக எங்கள் தீர்மானம்.

"வெளியாளுங்க கண்டமேனிக்கு உள்ள வந்துகினு கீறாங்க. நாளைக்கு ஒரு வண்டி காணாமப் பூட்டா யாரு பதில் சொல்றது? நம்ம புள்ளைங்க நல்லதுக்குத்தான். ஆட்சேபணை எதுனா இருந்தா சொல்லலாம்."

நான் எழுந்து நின்றேன்.

அவர் என்னிடம் வந்தார். மைக்கைக் கையில் தரவில்லை. பொம்பளை பேசினால் ஆம்பளைதான் மைக் பிடிக்க வேண்டும் என்று இந்த ஊர் மேடைகளில் ஒரு முறை இருக்கிறது. பிடித்தார். வாய்க்கு ஒரு முழம் தள்ளி, என் மார்புக்கு நேராக. நான் சொன்னேன், "சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதானா? உங்க மருமக பார்லரையும் மூடுவீங்களா?" ஃபேன் சத்தம் மட்டும் ஸ்பீக்கரில் வந்தது. அவர் காதை என் பக்கம் சாய்த்து முழுக்கக் கேட்டார். முகம் ஒரு நொடி மாறியது. பிறகு மைக்கைத் தன் வாய்க்குக் கொண்டுபோனார்.

"டீச்சர் இன்னா சொல்றாங்கன்னா, சட்டம்னா எல்லாருக்கும் ஒண்ணுதான், நானும் கட்டுப்படறேன்னு சொல்றாங்க. படிச்சவங்க படிச்சவங்கதான்."

அப்படி ஒரு பொய்யை, என் மூச்சு தன் காதில் பட்டுக்கொண்டிருக்கும்போதே, அந்த மனிதர் சிரித்த முகத்தோடு சொன்னார். நாலாவது வரிசையைப் பார்த்தேன். நான் எதற்கும் கட்டுப்படுகிறவள் இல்லை என்று அங்கே ஒருவருக்கு நன்றாகத் தெரியும். அவர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மஞ்சப்பையிலிருந்து இரண்டாவது மைக்கை எடுத்தேன். சுவிட்சைப் போட்டேன். பச்சை விளக்கு எரிந்தது. உதட்டுக்கு இரண்டு விரல்கடை.

"நான் அப்படிச் சொல்லல" என்றேன்.

இரண்டு ஸ்பீக்கரிலும் வந்தது. அழகான குரல் இல்லை. பெரிய ட்யூபில் பெரிய காற்று இறங்குகிற சத்தம். ஆனால் ஒவ்வொரு எழுத்தும் கடைசி வரிசைவரை போனது. தலைவர் மைக்கோடு வாயைத் திறந்துகொண்டு நின்றார்.

மாவு வியாபாரம், பிளவுஸ், ஜாதகம், பார்லர் எல்லாவற்றையும் ஒன்று விடாமல் போட்டு உடைக்க வேண்டும் என்றுதான் ராத்திரி முழுக்க மனசுக்குள் அடுக்கி வைத்திருந்தேன். ஆனால் என் குரலை நானே கேட்டபோது வேறு என்னவோ வந்துவிட்டது. பள்ளியில் என்னை எங்கே உட்கார வைத்தார்கள் என்று சொன்னேன். ஏரிக்கரைப் பிள்ளைகள் வந்ததும் ஃபேனை நிறுத்துவதைச் சொன்னேன். "இவங்க யார் வண்டியையும் எடுக்க வரல. கணக்குப் படிக்க வராங்க. பரீட்சை வரைக்குமாவது விடுங்க. எனக்கும் வேற போக்கிடம் இல்ல" என்றேன்.

இரண்டு பேர் புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். ஜாதகக்காரர் மூக்கை உறிஞ்சினார். யாரோ ஒருவர் கை தட்ட ஆரம்பித்தார். அப்புறம் எல்லாரும் தட்டினார்கள். லிஃப்டுக்கும் லாரிக்கும் தட்டியது போல இல்லை, நிஜமாகவே தட்டினார்கள். ஷ்யாமும் தட்டினார். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்த ஒரு நிமிஷம் எனக்கு அவர்கள் எல்லாரையும் பிடித்திருந்தது.

பொன்னுரங்கம் மைக்கைத் தூக்கினார்.

"பாத்தீங்களா, டீச்சருக்கு நம்ம மக்கள் எம்மாம் மரியாத குடுக்கறாங்க. சந்தோசம். எல்லாரும் ஜோரா கை தட்டிட்டீங்க. தீர்மானம் ஏகமனதா நெறவேறிச்சி."

தட்டிக்கொண்டிருந்த கைகள் பாதியில் நின்றன. நான் காத்திருந்தேன். "இது அதுக்குத் தட்டினது இல்லீங்க" என்று சொல்ல ஒரு வாய் போதும். எல்லாருக்கும் நன்றாகப் பேச வருகிற வாய் இருந்தது. ஆபரேஷன் எதுவும் ஆகாத தொண்டை இருந்தது. ஒருவரும் சொல்லவில்லை. கண்ணைத் துடைத்த அம்மாள் தலைப்பை மடியில் போட்டுக்கொண்டு, போண்டா வருகிற வாசலைப் பார்த்தார்.

"யாரும் கை தட்டாதீங்க" என்றேன் மைக்கில். "கை தூக்குங்க. தீர்மானம் வேணும்கிறவங்க கை தூக்கலாம். யார் தூக்கறீங்களோ அவங்க வீட்டு நம்பரை நான் மைக்கில சொல்லுவேன். அவ்வளவுதான்."

தலைவர் ஹரிபிரசாத்தைப் பார்த்து, திருகு என்று விரலால் சுழற்றிக் காட்டினார். என் மைக்கை அடக்கச் சொல்கிறார். ஹரிபிரசாத் ரிசீவர்மேல் குனிந்தார். எண்கள் இருந்த இடத்தில் இரண்டு சந்தனப் பொட்டு. கிளியம்மாள் முன் வரிசையில் உட்கார்ந்து அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஹரிபிரசாத் ஒரு திருகைப் பிடித்து முழுக்க இறக்கினார்.

பொன்னுரங்கத்தின் வாய் அசைந்தது. ஸ்பீக்கரில் ஒன்றும் வரவில்லை. மைக்கைத் தட்டினார். ஊதினார். மைக்கை வாயோடு ஒட்டிக்கொண்டு பேசிக்கொண்டே இருந்தார். ஃபேன்களின் இரைச்சலில், "தலைவரே, கேக்கல" என்று பின் வரிசையிலிருந்து சத்தம் வந்தது. மைக் இல்லாமல் பேசுவது எப்படி என்பதை அவர் அந்த ஒரு காலைக்குள்ளேயே மறந்துபோயிருந்தார். ஹரிபிரசாத் அடுத்த திருகைத் தொடலாமா வேண்டாமா என்று விரலை அந்தரத்தில் வைத்துக்கொண்டு நின்றார். தொட்டுவிட்டு அதுவும் தப்பாகிப்போனால் அவர் பேரில் ஆகிவிடும் இல்லையா.

"தீர்மானம் வேணும்கிறவங்க" என்றேன் மறுபடி.

மாவு விற்கிற வீட்டுக்காரர் இடது பக்கம் பார்த்தார். அவர் பார்த்த ஆள் தன் பங்குக்கு வலது பக்கம் பார்த்தார். தொண்ணூறு வீட்டு ஜனமும் ஒருவர் மடியை ஒருவர் பார்த்தது. தட்டினால் கூட்டத்தோடு கூட்டம். தூக்கினால் வீட்டு நம்பர் வெளியே வரும். நாளைக்கு அந்த வீட்டில் என்ன விற்கிறார்கள், யார் வந்துபோகிறார்கள் என்று இன்னொருவர் எழுந்து கேட்பார். இரண்டு கையையும் சேர்த்து அத்தனை தீர்மானங்களுக்குத் தட்டியவர்களால் ஒரு கையைத் தூக்க முடியவில்லை. ஆஷாகூடத் தூக்கவில்லை, போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு எழுந்து போனாள். தலைவரைப் பார்த்தேன். தலைவர் நடுநிலை என்பது போல மைக்கை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார்.

"வேணும்கிறவங்க யாருமில்ல. சரி. வேணாம்கிறவங்க கை தூக்குங்க."

இப்போதும் அதே மடிகள், அதே கண்கள். கண்ணீர் விட்டவர்கள், இரண்டு நிமிஷத்துக்கு முன்னால் எனக்காகக் கை சிவக்கத் தட்டியவர்கள். நான் நாலாவது வரிசையைப் பார்த்தேன். ஷ்யாமின் வலது கை முழங்காலிலிருந்து எழுந்தது. கை மேலே போயிற்று, கண்ணாடியைச் சரிசெய்தது, திரும்ப முழங்காலில் வந்து உட்கார்ந்துகொண்டது.

என் இடது கையை நானே தூக்கினேன்.

"தரைத்தளம், ஜி மூணு" என்று என் வீட்டு நம்பரை மைக்கில் சொன்னேன். "வேணாம்கிறது ஒண்ணு. வேணும்கிறது பூஜ்யம். நான் கணக்கு டீச்சர். தீர்மானம் தோத்துப்போச்சு."

ஹரிபிரசாத்துக்கு அப்போதுதான் உயிர் வந்தது. இறக்கிய திருகை ஏற்றினார். தலைவரின் குரல் திரும்ப வந்தது. அவரும் ஒரு நொடி கூட்டத்தைப் பார்த்தார். தனக்காகவும் ஒரு கை எழவில்லை என்று அவருக்கும் தெரிந்துதான் இருந்தது.

"சரி, சரி. இத்த அப்பறம் பாத்துக்கலாம். போண்டா ரெடி" என்றார்.

எல்லாரும் கை தட்டினார்கள்.

இரண்டாவது மைக்கை அணைத்து, ஹரிபிரசாத்தின் மேஜையில் வைத்துவிட்டு நான் நடந்தேன். பேட்டரி என்னுடையது. அதையும் விட்டுவிட்டேன். வழியில் ஆளாளுக்கு வந்து, "சூப்பர் மேடம்", "கரெக்டா கேட்டீங்க", "நாங்கல்லாம் மனசுக்குள்ள உங்க பக்கம்தான்" என்று என் காதோரம் குசுகுசுத்தார்கள். அவர்களுக்குத் தொண்டை நன்றாகத்தான் இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் ஷ்யாம் ஃபேனை முழு வேகத்தில் வைத்துக்கொண்டு ஹாலில் உட்கார்ந்தார்.

"நான் தூக்கலாம்னுதான் இருந்தேன் சுபா. ஃபர்ஸ்ட் யாராவது தூக்கட்டும்னு பாத்தேன்."

"நான்தான் ஃபர்ஸ்ட் தூக்கினேன்" என்றேன்.

"என்ன சொன்ன? கேக்கல."

என் டியூஷன் பிழைத்துவிட்டது. எனக்காக யாரும் நின்றதால் இல்லை, எதற்காகவும் யாரும் நிற்க மாட்டார்கள் என்பதால் பிழைத்தது. அந்த வெற்றியை மத்தியானம் முழுக்க வாயில் வைத்துக்கொண்டிருந்தேன், விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

சாயந்திரம் வகுப்பு நேரத்துக்குப் பிள்ளைகள் வந்தார்கள். கேட்டில் யாரும் தடுக்கவில்லையாம். கிறிஸ்டினா செருப்பை ஓரமாக விட்டு உள்ளே வந்தாள். சோஃபாவில் இருந்த என் கணவரைப் பார்த்து, "குட் ஈவினிங் சார்" என்றாள். பையைக் கீழே வைத்தாள். சுவர்ப்பக்கம் போய் ஃபேனை நிறுத்தினாள்.

ஷ்யாம் சற்று நேரம் உட்கார்ந்து பார்த்தார். பிறகு புழுக்கம் தாங்காமல் எழுந்து உள் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். நான் சாக்பீஸை எடுத்து, "நேத்து எங்க விட்டோம்?" என்று கேட்டேன். பின்னால் சுவரோரம் உட்கார்ந்திருந்த முகிலன் பதில் சொன்னான்.